பூனை நலம், வாத்துகள் நலம்

ஹெல்மரோடே, 11 ஜனவரி 1768

அன்புள்ள டோர்த்தே அக்காவுக்கு,

தம்பி லெவின் எழுதுவது. இங்கே பூனை நலம். வாத்துகள் நாலும் நலம். ஐந்தாவது, கிறிஸ்துமஸ் அன்று எங்களுக்கு நலம் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்தது. வீடும் சமையலும் பார்த்துக்கொள்ளும் ஸ்டீனே நலம், அவள் வாய் அவளைவிட நலம். லூபெக்கில் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

நீ அனுப்பிய வாதுமை மிட்டாய் வந்தது. பாதியை எலி தின்றுவிட்டது என்று ஸ்டீனே சாதிக்கிறாள். அந்த எலியின் உதட்டோரம் சர்க்கரை ஒட்டியிருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. எந்த வழக்கை எடுக்கக் கூடாது என்பதுதான் முப்பது வருஷ வக்கீல் தொழிலில் நான் கற்றது.

ஊர்ச் செய்தி ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று நகரசபையில் மூன்றாம் முறையாகக் கேட்டேன். இடத்துக்கு நம் அப்பா கட்டிய வீட்டையே எழுதித் தருகிறேன் என்றேன். ஆசிரியைக்குச் சம்பளமும் என் பொறுப்பு. சபை தர வேண்டியது ஓர் அனுமதி, அதன் கீழே ஒரு முத்திரை. நகரத் தலைவர் புர்க்ஹார்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"வக்கீல் ரேபைன், பொம்பளப் புள்ளைங்க எழுதப் படிச்சா என்ன பண்ணும் தெரியுமா? காதல் கடுதாசி எழுதும்."

"எழுதத் தெரியாததுகளும் காதலிக்கத்தான் செய்யுது, தலைவரே. ஞானஸ்நானப் பதிவேட்டையும் கல்யாணப் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தேதி உதைக்கும்."

சிரிப்பு எனக்குக் கிடைத்தது, ஓட்டு அவருக்குக் கிடைத்தது. பதினாறு பேரில் பதினாலு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை என் கட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே பொழுது போக என் வாழ்க்கையை எழுத ஆரம்பித்திருக்கிறேன். சபை உறுப்பினர் செத்தால் அவர் வாழ்க்கையைப் பிரசங்க மேடையில் வாசிப்பது நம் ஊர் வழக்கமாயிற்றே. போதகர் வெஸ்ஸலிடம் விட்டால் செத்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்: ஏழைகளுக்கு இரங்கினார், மனைவியை நேசித்தார், நோயைப் பொறுமையாகத் தாங்கினார். போன மாதம் கயிற்று வியாபாரிக்கும் அதையேதான் வாசித்தார். அந்த மனிதர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதனால் என் சரக்கை நானே எழுதி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

லத்தீன் வாத்தியார் நம் வீட்டுக்கு வந்தது எந்த வருஷம்? எழுது.

பனி கால் முட்டிவரை நிற்கிறது. கம்பளி போட்டுக்கொள்.

உன் தம்பி
லெவின்


லூபெக், 30 ஜனவரி

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். மகன் யோஹிம் நலம். மருமகள் நலம், குரல் தெருமுனை வரை கேட்கிறது. பேரன்கள் இருவரும் நலம். உன் அத்தான் விட்டுப்போன கிளியும் நலம். இன்னும் அவர் குரலிலேயே காப்பி கேட்கிறது. உன் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்.

இதைச் சமையலறை மேசையில் எழுதுகிறேன். எழுதுமேசை இப்போது மருமகளுக்கு வேண்டியிருக்கிறது. தாளில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் படி.

வாத்தியார் வந்தது 1725, வசந்த காலத்தில். உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பதினாலு. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றாலும் எனக்கு மறக்காது. படிப்பறையைச் சூடாக்கும் அடுப்புக்கு விறகு தள்ளும் வாய் சமையலறைப் பக்கம் அல்லவா இருந்தது? நீங்கள் அந்தப் பக்கம் பாடம் படிப்பீர்கள். நான் இந்தப் பக்கம் பட்டாணி உரித்துக்கொண்டு கேட்பேன். வாத்தியார் கேள்வி கேட்டதும் நீ பெருச்சாளி மாதிரி முழிப்பாய். நான் அடுப்பு வாய்க்குள் தலையை விட்டுப் பதிலைச் சொல்வேன். கோடையெல்லாம் நீ மேதை. குளிர்காலம் வந்து அடுப்பில் தீ மூட்டிவிட்டால் மக்கு. "பையனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வாத்தியார் அப்பாவிடம் சொன்னாரே!

பிறகு ஓர் அக்டோபர் மாதம் தீ இருப்பதை மறந்து தலையை விட்டேன். முக்காடு பொசுங்கியது, அப்பாவுக்குத் தெரிந்தது, அதோடு முடிந்தது. பதினேழு வயதில் கல்யாணமாகி இங்கே வந்து சேர்ந்தேன்.

இதையெல்லாம் உன் வாழ்க்கையில் எழுதிவிடாதே. அப்பா பெயர் கெடும், உன் பெயரும் கெடும். ஏதோ, வருஷம் கேட்டாய் என்பதற்காகச் சொன்னேன்.

ஒன்று கேட்கிறேன். ஐம்பத்தோரு வயதில் எவன் தன் சாவுப் பிரசங்கம் எழுதுவான்? உன் கடிதத்தில் பூனை நலம், வாத்து நலம், ஸ்டீனேயின் வாய்கூட நலம். உன்னைத்தான் காணோம்.

கடவுள் துணை.

டோர்த்தே


ஹெல்மரோடே, 22 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மாவோடு வந்தது. ஸ்டீனே தட்டி எடுத்து அப்பம் சுடாத குறைதான். இங்கே பூனை நலம். அது நாலு குட்டி போட்டது, குட்டிகளும் நலம். நகரத் தலைவருக்குக் கால் பெருவிரலில் வாதம். இருந்தாலும் விரோதம் நலம். என்னைக் கேட்டிருந்தாய். நான் எப்போதும் போல.

நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். நாற்காலிக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம். வண்டியில் போவதையும் விட்டுவிட்டேன். நம் தெருக் கற்களின் மேல் வண்டி உருளும்போது நகரசபை எவ்வளவு மோசமான சபை என்பது உடம்புக்கே புரிகிறது, நானும் அதில் ஓர் உறுப்பினன் என்பதால் வெட்கமாக இருக்கிறது. பீரை விட்டுவிட்டு பார்லித் தண்ணீர் குடிக்கிறேன். பார்லி ஒன்றுதானே, இரண்டும் அக்கா தங்கைதானே என்று என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன்.

வாழ்க்கை வரலாறு வளர்கிறது. ஆரம்பம் இப்படி: "ஞானஸ்நானத்தின்போது லெவின் ரேபைன் உரக்க அழுதார். அதுவே அவர் செய்த முதல் மேல்முறையீடு, தள்ளுபடியானது." போதகர் இதை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க நான் இருக்க மாட்டேனே என்பதுதான் குறை.

எங்கே, எப்போது வாசிக்க வேண்டும் என்றும் மேலே எழுதிவிட்டேன். அடக்கத்தன்று வேண்டாம். அடக்கத்துக்கு வருகிறவர்கள் கேக்குக்காக வருகிறவர்கள். நான் செத்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில், நகரசபை முழுவதும் அவர்களுக்கான மர அடைப்பு இருக்கைகளுக்குள் கதவு தாழிட்டு உட்கார்ந்திருக்கும்போது வாசிக்க வேண்டும். எழுந்து போக முடியாது பார். பள்ளிக்கூட விஷயம் கடைசிப் பக்கத்தில் வருகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லெவின்


லூபெக், 14 மார்ச்

லெவின்,

இங்கே எல்லோரும் நலம், கிளி உட்பட. அதை விடு.

நின்றுகொண்டு எழுதுகிறாய். வண்டி ஏறுவதில்லை. பார்லித் தண்ணீர் குடிக்கிறாய். அப்பாவும் கடைசி வருஷத்தில் நின்றுகொண்டேதான் எழுதினார், தெரியுமா? உனக்குத் தெரியாது, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். நான் பிரசவத்துக்கு வந்தவள் பார்த்தேன். கல்லடைப்பு. சிறுநீர்ப் பையில் கல்.

நீ வக்கீல். பொய் சொல்லாமல் மறைப்பது உன் தொழில். நான் உன் அக்கா. கல் எவ்வளவு பெரிது? எந்த வைத்தியர் பார்த்தார்? என்ன சொன்னார்? மூன்றுக்கும் பதில் வேண்டும். பூனைக்குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாயோ, காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவேன்.

டோர்த்தே


ஹெல்மரோடே, 20 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விகள் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். நாலாவது இது.

எவ்வளவு பெரிது: கோழிமுட்டையில் பாதி இருக்கும் என்கிறார். யார்: மே மாதச் சந்தைக்கு வரும் கல் வைத்தியர். சந்தையோடு வருவார், சந்தையோடு போவார். குடை ராட்டினத்துக்கு அடுத்த கூடாரம் அவருடையது. ஈஸ்டருக்கு முன்பு வழியில் இறங்கி என்னைப் பார்த்துவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

"அறுத்து எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"மூணு நிமிஷம். நாலு ஆச்சுன்னா என் பேரு கெட்டுடும்."

"பொழைப்பாங்களா?"

"பத்துக்கு ஏழு பேரு."

"மிச்சம் மூணு பேரு?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து குறை சொன்னதில்ல ஐயா."

எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மே ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை, நம் வீட்டிலேயே, படிப்பறையில், அப்பாவின் பெரிய மேசை மேல். இதே மேசையில்தான் நான் அசடு வழிந்தேன், நினைவிருக்கிறதா?

பயம் இருக்கிறது, அக்கா. இதை வேறு யாருக்கும் எழுதவில்லை. சாவதைவிட, பள்ளிக்கூடம் ஆரம்பிக்காமல் சாவதுதான் உறுத்துகிறது. வாழ்க்கை வரலாற்றைக் கட்டி முத்திரையிட்டு போதகரிடம் கொடுத்தாயிற்று. நான் உயிரோடு கேட்டபோது மறுத்ததை, செத்த பிறகாவது வெட்கப்பட்டுத் தருவார்கள் என்று ஒரு நப்பாசை.

நீ கிளம்பி வராதே. வழி மோசம். உன் பிரார்த்தனை வண்டி இல்லாமலே வரும்.

உன்
லெவின்


லூபெக், 29 ஏப்ரல்

லெவின்,

இது உனக்கு ஆறாம் தேதிக்கு முன்பு கிடைக்க வேண்டும் என்று தபால்காரனுக்கு மீன் பொரித்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

வர வேண்டும் என்று பெட்டியை எடுத்தேன். வர முடியாது. காரணம் கேட்காதே.

மூன்று நிமிஷம்தானே? நூற்றெண்பது வரை எண்ணு. வேகமாக எண்ணாதே, நீ எப்போதும் அவசரப்பட்டுத் தப்பாக எண்ணுவாய். வெள்ளிக்கிழமை முழுக்க நான் இங்கே எண்ணிக்கொண்டிருப்பேன்.

அக்கா


லூபெக், 17 மே

லெவினுக்கு,

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவள் பைத்தியக்காரி என்று மருமகள் சொல்கிறாள். எழுதிவிட்டுப் போகிறேன்.

நம் ஊர்ப் பக்கத்திலிருந்து உப்பு வண்டியோடு வந்த வியாபாரி நேற்று இங்கே வந்தான். தொப்பியைக் கழற்றினான். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஹெல்மரோடேயில் பெரிய மணி அடித்ததாம். போதகர் மேடையிலிருந்து அறிவித்தாராம். உன் வாழ்க்கையை வாசித்தார்களாம். அதற்குள் அவன் வண்டியில் மாடு பூட்டிவிட்டார்களாம், என்ன வாசித்தார்கள் என்று கேட்க நிற்கவில்லையாம். மடையன்.

கறுப்புத் துணி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கத்தரிக்கோல் எடுக்கக் கை வரவில்லை. நீ செத்திருந்தால் எனக்கு யாராவது முறையாக எழுதியிருப்பார்கள். முறை தவறினால் எழுந்து வந்து வாதாடுகிறவன் நீ.

இதை ஸ்டீனே பார்த்தால் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லட்டும். ஒரே ஒரு வரி போதும்.

டோர்த்தே


ஹெல்மரோடே, 24 மே

டோர்த்தே அம்மாவுக்கு ஸ்டீனே சொல்ல, பையனுங்க பள்ளிக்கூட வாத்தியார் எழுதறது.

ஐயா உசுரோட இருக்காரு. வாத்தியாரே, இத மொதல்ல எழுதுங்க, பெருசா எழுதுங்க. ஐயா உசுரோட இருக்காரு. இப்ப பார்லிக் கஞ்சில உப்பு இல்லன்னு திட்டறாரு.

அம்மா, எல்லாத்துக்கும் நான்தான் காரணம், ஆனா என் மேல தப்பில்ல. வைத்தியரு மூணு நிமிஷத்துல எடுத்துட்டாரு. நாங்க நாலு பேரு புடிச்சிருந்தோம். ஐயா சத்தமா எண்ணிக்கிட்டே இருந்தாரு. நூத்திப்பத்து வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் வைய ஆரம்பிச்சுட்டாரு. என்ன வஞ்சாருன்னு வாத்தியார் எழுத மாட்டேங்கறாரு.

வைத்தியரு சனிக்கிழம விடியறதுக்கு முன்னாடியே வண்டிய ஓட்டிக்கிட்டு அடுத்த சந்தைக்குப் போயிட்டாரு. போகும்போது சொன்னாரு: சத்தமே கூடாது, ஜன்னலத் தெறந்து வை, காத்து வரணும், யாரையும் உள்ள விடாதே. கூடத்துக் கடிகாரம் டக்கு டக்குன்னுது, அத நிறுத்தினேன். கண்ணாடில வெயில் பட்டு ஐயா மொகத்துல அடிச்சுது, அதுமேல போர்வையப் போட்டேன். அம்புட்டுதான் நான் செஞ்சது!

எதுத்த வீட்டு ரொட்டிக்காரி இருக்காளே, அவ தெறந்த ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்கா. கடிகாரம் நின்னுருக்கு, கண்ணாடிய மூடியிருக்கு, ஆவி போக ஜன்னலத் தெறந்திருக்கு, வைத்தியரும் ஓடிட்டாரு. சாவு வீட்டுல நம்ம ஊருல வேற என்ன பண்ணுவாங்க? நேரா போதகர் வீட்டுக்கு ஓடிட்டா. போதகர் வந்து கதவத் தட்டினாரு. நான் கண்ணத் தொடச்சுக்கிட்டே, யாரையும் விடக்கூடாதுங்கன்னு சொல்லிட்டேன். ஐயாவுக்காக வெங்காயம் அரிஞ்சுக்கிட்டிருந்தேம்மா. அவரு தொப்பியக் கழட்டி மார்ல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

திங்கக்கிழமையே ஊருக்கு உண்மை தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு ஏன் எழுதலன்னா, அதுக்கப்புறம் ஐயாவுக்கு ஜொரம் வந்துடுச்சு, பன்னெண்டு நாள். இருக்காருன்னு எழுதி, காயிதம் போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாருன்னா பொய்யாயிடுமேன்னு பயந்தேன். முந்தாநாள் ஜொரம் விட்டுச்சு. வாத்து ஒண்ணு அடிச்சுட்டோம்.

கறுப்புத் துணிய வெட்டியிருக்காட்டி கடைக்காரன் திருப்பி வாங்கிக்குவான் அம்மா.

ஸ்டீனே, கையெழுத்துக்கு மூணு சிலுவை


ஹெல்மரோடே, 6 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த வாரம் உட்காரலாமாம். கல் ஜன்னலோரம் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. பூனை அதை உருட்டி விளையாடுகிறது. இவ்வளவு சின்னதா என்னை ஆட்டிவைத்தது என்று அவமானமாக இருக்கிறது.

இனி நடந்ததைக் கேள். பாதி நான் பார்த்தது, பாதி ஸ்டீனே ஊரில் கேட்டுவந்து நடித்துக் காட்டியது. நடிக்கும்போது நாற்காலி ஒன்று உடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அபின் மருந்து மயக்கத்தில் கிடந்தேன். பெரிய மணி அடித்தது. யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் என்று புரிந்தது. யாராக இருக்கும் என்று சபையில் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்து, நகரத் தலைவர்தான் என்று முடிவு செய்து, கொஞ்சம் வருத்தப்பட்டு, நிறைய ஆறுதலோடு தூங்கிவிட்டேன்.

அங்கே தேவாலயத்தில் போதகர் என் கட்டைப் பிரித்து வாசித்தார். ஞானஸ்நான மேல்முறையீட்டுக்குச் சிரிப்பு வந்ததாம். பிறகு ஒரு பக்கம் வந்தது. நீ எழுதாதே என்றாய். வாசிக்கும்போது நான் இருக்க மாட்டேன், உன்னிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். அது இப்படி:

"என் லத்தீன் என்னுடையது அல்ல. அடுப்பின் மறுபக்கம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் அக்கா டோர்த்தேயுடையது. இந்த நகரம் முப்பது வருஷமாக என்னிடம் கேட்ட சட்டமெல்லாம் அவள் அடுப்பு வாயில் சொன்ன பாடத்தின் மேல் கட்டியது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அவளுக்குப் பொசுங்கிய முக்காடு கிடைத்தது. இதை உயிரோடு இருக்கும்போது சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே என் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் இருக்கும் பெண்பிள்ளைகளை இந்தப் பக்கம் உட்கார வையுங்கள்."

பிறகு சபை அடைப்புக்குள் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம். நகரத் தலைவர் புர்க்ஹார்ட்! வாதக் காலோடு எழுந்து நின்றிருக்கிறார்.

"எங்கம்மா தோல் பட்டறைய இருபது வருஷம் ஒத்தையா நடத்துனாங்க," என்றாராம். "சாகுற வரைக்கும் மூணு சிலுவைதான் கையெழுத்து. நாலு பேரு அவங்கள ஏமாத்தினானுங்க, நாலு பேரையும் எனக்குத் தெரியும், ரெண்டு பேரு இங்கதான் உக்காந்திருக்கானுங்க. ரேபைனோட பள்ளிக்கூடத்துக்கு அனுமதி உண்டு. இது கடவுள் வீட்டுல நான் குடுக்குற வாக்கு."

நாலு வருஷமாக அந்த மனிதரோடு சண்டை போட்டேன், அவருக்கு ஓர் அம்மா இருந்தாள் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. பெரிய வக்கீல் நான்.

திங்கட்கிழமை மதியம் சபை முழுவதும் கறுப்பு உடுத்தி ஊர்வலமாக வந்தது. என் சவப்பெட்டி மேல் வைக்க அனுமதிப் பத்திரம், முத்திரையோடு! பதினைந்து பேர் வரிசையாக நின்றால் ஸ்டீனே யாரைத் தடுப்பாள்? நகரத் தலைவர் முதலில் உள்ளே வந்தார். நான் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்க... நீங்க செத்துட்டீங்களே!"

"சபைத் தீர்மானமா? என்னைக் கேக்காம எப்ப நிறைவேத்துனீங்க?"

"ஐயோ, மணி அடிச்சோமே!"

"கேட்டேன். நல்லா அடிச்சீங்க. நீங்கதான் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தூங்கும் உறுப்பினர் என்று நினைக்கிறேன். நகரத் தலைவர் என் கிண்ணத்தைப் பார்த்தார், கையிலிருந்த பத்திரத்தைப் பார்த்தார், மெதுவாக அதைக் கோட்டுக்குள் நுழைக்கப் போனார்.

"தலைவரே, அத இங்க வச்சுட்டுப் போங்க."

"இது... செத்தவருக்காகக் குடுத்தது, ரேபைன். சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆளே இருக்கும்போது..."

"வாக்கு எனக்குக் குடுத்தீங்களா, பள்ளிக்கூடத்துக்கா?"

பத்திரம் பாதி கோட்டுக்குள்ளேயே நின்றது.

"தேவாலயம் நெறைய சாட்சி. இல்லேன்னு சொல்றதா இருந்தா, அடுத்த ஞாயித்துக்கெழம அதே எடத்துல எந்திரிச்சு நின்னு சொல்லணும். உங்கம்மா பேரச் சொன்ன அதே வாயால."

கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தார். பிறகு பத்திரத்தை என் போர்வை மேல் வைத்தார். "செத்தும் விடல, உசுரோட இருந்தும் என்னைய நிம்மதியா விடமாட்டேங்கறீங்களே," என்றார். ஆனால் பத்திரத்தை எடுக்க எனக்குக் கை ஒழியவில்லை என்று பார்த்து, கஞ்சிக் கிண்ணத்தை அவரே வாங்கிப் பிடித்துக்கொண்டார். அன்றிரவுதான் ஜுரம் ஆரம்பித்தது. பன்னிரண்டு நாளும் பத்திரத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேனாம்.

தச்சன் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்துவிட்டான். "செத்தவங்க யாரும் இதுவரைக்கும் திருப்பி அனுப்புனதில்லீங்க," என்று தலையைச் சொறிந்தான். நல்ல ஓக் பலகை. பெஞ்சாக அடிக்கச் சொல்லிவிட்டேன். என் அளவுக்கு அறுத்தது, நாலு பெண்கள் தாராளமாக உட்காரலாம். நான் குண்டு என்பது முதல் தடவையாகப் பொதுநன்மைக்கு உதவியிருக்கிறது.

இப்போது ஒரு விஷயம். படுக்கையில் வேறு வேலை இல்லாமல் உன் கடிதங்களைத் திரும்ப வாசித்தேன். மகன் நலம், மருமகள் நலம், கிளி நலம். உன்னைக் காணோம், அக்கா. ஒன்றில்கூட இல்லை. சமையலறை மேசை. உன் எழுதுமேசை பறிபோயிருக்கிறது. பெட்டியை எடுத்தாய், கிளம்ப முடியவில்லை, காரணம் கேட்காதே என்றாய். எதிர்க்கட்சிக்காரன் சொல்லாமல் விட்டதை மோப்பம் பிடிப்பதுதான் என் தொழில். நீ சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதமும் ஒரு சாவும் தேவைப்பட்டது.

பள்ளிக்கு ஆசிரியை வேண்டும். லத்தீன் தெரிந்தவளாக, தலைக்கு மேல் தீ எரிந்தாலும் பதில் சொல்கிறவளாக இருந்தால் நல்லது. மாடியறை காலியாக இருக்கிறது. எழுதுமேசை உண்டு.

நீ நலமா?

லெவின்


லூபெக், 20 ஜூன்

அன்புள்ள லெவினுக்கு,

நான் நலமில்லை. நாலு வருஷமாக நலமில்லை. உன் அத்தான் இறந்த அதே வருஷம் சாவிக் கொத்தை மருமகள் தன் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். மாவு எடுக்கக்கூட கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கெட்டவள் இல்லை, அவசரக்காரி. ஏப்ரலில் வண்டிக்குக் காசு கேட்டேன். "இப்ப யாரு சமைக்கறது, அத்த?" என்றாள். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை எழுத எனக்கும் வெட்கமாக இருந்தது. ரேபைன் குடும்பத்து வியாதி போலிருக்கிறது.

நீ எழுதியதை மூன்று முறை வாசித்தேன். நீ செய்தது தப்பு, எழுதாதே என்று சொன்னேன். நாலாவது முறை கிளிக்கு வாசித்துக் காட்டினேன். அது காப்பி கேட்டது.

பிறகு மருமகளிடம் போய், "ஹெல்மரோடே பள்ளிக்கூடத்துக்கு என்னை ஆசிரியையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள்," என்றேன். "அத்த, உங்களையா?" என்றாள். "நகரசபை முத்திரையோடு," என்றேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ராத்திரி மகன் என் பெட்டிக்குப் புதுக் கயிறு வாங்கி வந்து கட்டினான். நாளை உப்பு வண்டியில் ஏறுகிறேன், அதே மடையன் ஓட்டுகிறான். வழியெல்லாம் அவனுக்கு வாழ்க்கை வரலாற்றை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

கறுப்புத் துணியைக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, வாத்தியாரம்மாவுக்குக் கறுப்பு பொருத்தமாக இருக்கும். ஸ்டீனேயிடம் சொல்: பெஞ்சில் முதல் இடம் அவளுக்கு. மூன்று சிலுவையை நான் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

ஒரு வேலை மட்டும் நான் வருவதற்குள் செய்து வை. கொல்லனைக் கூப்பிட்டுச் சமையலறைப் பக்கம் அடுப்பு வாய்க்கு ஓர் இரும்புக் கதவு போடச் சொல். விறகு மட்டும் போனால் போதும். இனி யாரும் அதன் வழியாகப் பேச வேண்டியதில்லை.

வருகிற வழியில் நலமாகிவிடுவேன்.

அக்கா
டோர்த்தே